தண்ணீரில் நின்ற வண்டியும் நம் அவசரமும்

மழைக்காலம் வந்துவிட்டால் வணிகர்களாகிய நாம் முதலில் சரக்கைப் பார்க்கிறோம். சர்க்கரை மூட்டையைத் தரையிலிருந்து தூக்கிப் பலகை மேல் அடுக்குகிறோம். ஷட்டர் அடியில் சாக்கு மடித்து வைக்கிறோம். அப்பளக் கட்டையும் வெல்லப் பெட்டியையும் மேல் தட்டுக்கு ஏற்றுகிறோம். வாசலில் நிற்கும் வண்டியைப் பற்றி மட்டும் யாரும் நினைப்பதில்லை. அது மழையில் நனைவதற்கென்றே பிறந்தது போல அன்றைக்கும் லோடு ஏற்றி அனுப்புகிறோம். தண்ணீரில் நின்று போனால் டிரைவரைத் திட்டுகிறோம். மெக்கானிக் கேட்டதைக் கொடுத்து விட்டு, "மழைச் செலவு" என்று கணக்கில் எழுதிக் கொள்கிறோம்.

அந்தச் செலவில் பெரும் பகுதி மழை வைத்த செலவு அல்ல, நாம் வைத்த செலவு என்பது எங்கள் கருத்து. இதைப் பிறரைப் பார்த்துச் சொல்லவில்லை. எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறோம்.

2015 நவம்பர். தீபாவளி முடிந்து கார்த்திகை முகூர்த்தங்கள் தொடங்கிய நேரம். சென்னையில் நாள் தவறாமல் மழை. எங்களிடம் இருந்தது கார்புரேட்டர் வைத்த பழைய ஆம்னி வேன். அசோக் நகர் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்கு அரிசிச் சிப்பமும் எண்ணெய் டின்னும் ஏற்றி அனுப்பியிருந்தோம். முழங்கால் தண்ணீரில் வண்டி இரண்டு மூன்று முறை இருமி, குலுங்கி, நின்று விட்டது. டிரைவர் தம்பி சீட்டைத் தூக்கிப் பார்த்து விட்டுப் போன் செய்தார். "அண்ணாச்சி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில தண்ணி பட்டிருக்கு. ஓரமாத் தள்ளி நிறுத்திடறேன். துடைச்சுக் காயவெச்சா எடுத்துரும். ஒரு மணி நேரம் ஆகும்" என்றார். கல்லாவில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் காதில் விழுந்தது. "சமையல்காரர் அஞ்சு தடவை போன் பண்ணிட்டாரு. எப்படியாச்சும் செல்ஃப் அடிச்சுக் கொண்டுபோய்ச் சேருப்பா" என்றோம்.

அவர் அடித்தார். பத்துப் பன்னிரண்டு முறை அடித்த பிறகு மிஸ்ஸிங்கோடு எடுத்தது. நின்று விடக்கூடாதே என்று ஆக்சிலரேட்டரை மிதித்துக் கொண்டே நகர்த்தியிருக்கிறார். எதிரே ஒரு பேருந்து வந்தது. அது தள்ளிய அலை முன்கண்ணாடி வரை அடித்தது. 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி. பிறகும் நாங்கள் விடவில்லை. தெருப் பையன்களை விட்டுத் தள்ளச் சொன்னோம், அதுவும் போனில்தான்.

இன்ஜினை இறக்கிப் பார்த்தபோது ஒரு கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. வண்டி பழையது என்பதால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும்தான் போட்டிருந்தோம். கம்பெனியிலிருந்து ஒரு பைசா வராது. முழுச் செலவும் கைக்காசு. கோபத்தில் அந்தத் தம்பியின் சம்பளத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் பிடித்தோம். நான்காவது மாதம் அவர் சொல்லாமல் நின்று விட்டார்.

அதற்கிடையில் டிசம்பர் 1 வந்தது. அன்றைய மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. அடையாற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. எங்களுக்கு நான்கு கடை தள்ளி அரிசி வியாபாரம் செய்யும் பெரியவரின் வேன், அதுவும் எங்களுடையதைப் போன்ற பழைய ஆம்னிதான், ஓர் இரவும் ஒரு பகலும் சீட்டு மட்டத் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் அவர் சாவியைப் போடவில்லை. பேட்டரி வயரைக் கழற்றினார். கயிறு கட்டி இழுத்துப்போய் மெக்கானிக்கிடம் விட்டார். மெக்கானிக் மூன்று பிளக்கையும் கழற்றி, இன்ஜினைச் சுற்றவிட்டு உள்ளே இருந்த தண்ணீரை வெளியேற்றினார். ஆயிலை இரண்டு மூன்று முறை மாற்றினார். டேங்கை இறக்கிக் கழுவினார். டிஸ்ட்ரிபியூட்டரைத் துடைத்துக் காயவைத்தார். சீட்டும் தரை விரிப்பும் வீணானதைத் தவிர அந்த வண்டிக்குப் பெரிய சேதம் இல்லை. அதற்குப் பிறகும் பல வருடம் அது மூட்டை சுமந்தது.

முழங்கால் தண்ணீரில் போன எங்கள் வண்டிக்கு இன்ஜின் போயிற்று. முழுக நின்ற அவர் வண்டி பிழைத்தது. வித்தியாசம் தண்ணீரின் ஆழத்தில் இல்லை, சாவியில் இருந்தது.

இது ஏன் என்பதை அந்த மெக்கானிக் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். பெட்ரோல் வண்டியில் பேட்டரி தருவது 12 வோல்ட். அதை காயில் 10,000 வோல்ட்டுக்கும் மேலாக ஏற்றிப் பிளக்குக்கு அனுப்புகிறது. அங்கே பொறி விழுந்தால்தான் பெட்ரோல் எரியும். அவ்வளவு வேகமான மின்சாரத்துக்குப் பிளக் முனையில் இருக்கும் சிறு இடைவெளியைத் தாண்டுவதை விட ஈரத்தின் மேல் ஊர்ந்து வண்டியின் உடம்புக்குள் இறங்குவது எளிது. காயில் மேல், வயர் மேல், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் எங்கே ஈரம் இருக்கிறதோ அங்கே ஓடி விடுகிறது. மெக்கானிக்குகள் "கரண்ட் வரல" என்று சொல்வது இதைத்தான். இது நோயே அல்ல. குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் வந்த மாதிரி. காய்ந்த துணியும் நேரமும்தான் மருந்து. அம்பாசிடரும் பியட்டும் ஓடிய காலத்து டிரைவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மழைக்கு முன்பே டிஸ்ட்ரிபியூட்டர் மேல் பாலிதீன் பை கட்டியவர்களும், வெட்டிய சைக்கிள் ட்யூபைச் சுற்றியவர்களும் உண்டு.

இன்னொன்று இருக்கிறது. அதுதான் நோய். இன்ஜின் காற்றை உறிஞ்சும் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி விட்டால், பிஸ்டன் மேலே வரும்போது காற்றைப் போல அது நசுங்காது. நசுங்காத தண்ணீருக்கும் சுற்றுகிற இன்ஜினுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ராடு வளைகிறது. முதலாவது சில்லறைத் தொல்லை, இரண்டாவது மொத்த நஷ்டம். இரண்டுக்கும் வெளியே தெரியும் அடையாளம் ஒன்றுதான்: வண்டி தண்ணீரில் நிற்கிறது. எது என்று தெரியாமல் செல்ஃப் அடித்தால் சில்லறையை நாமே மொத்தமாக்கி விடுகிறோம். எங்கள் வண்டிக்கு நடந்தது அதுவே.

எப்படிப் பிரித்து அறிவது? முதலில் டிரைவரைக் கேட்க வேண்டியது, "எப்ப வருவே?" என்பதல்ல, "எப்படி நின்னுச்சு?" என்பதே. இருமி, இழுவை குறைந்து, மிஸ்ஸிங் அடித்து மெதுவாக நின்றது என்றால் பெரும்பாலும் ஈரம். ஓடிக் கொண்டிருந்தபோதே சத்தத்துடன் பட்டென்று பூட்டிக் கொண்டது போல நின்றது என்றால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அதற்கு மேல் சாவியைத் தொடக்கூடாது. தள்ளி ஸ்டார்ட் செய்வது அதைவிட மோசம். செல்ஃப் மோட்டாராவது சில சமயம் திணறி நின்று விடும். பத்துப் பேர் தள்ளிக் கியர் போட்டால் வண்டியின் எடை முழுவதும் அந்த ராடு மேல் இறங்கும்.

மெதுவாக நின்றதென்றாலும் உடனே அடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. வண்டியை மேட்டுக்குத் தள்ளிய பின் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நான்கு கிளிப்தான், இதற்கு மெக்கானிக் வேண்டாம். ஃபில்டர் காய்ந்திருந்தால் பாதி பயம் தீர்ந்தது. நனைந்திருந்தால் வண்டியை இழுத்துத்தான் போக வேண்டும். அடுத்து ஆயில் குச்சி. அளவு ஏறியிருந்தாலோ, ஆயில் பால் கலந்த டீயைப் போல வெளுத்திருந்தாலோ இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கிறது. இந்த இரண்டையும் பார்க்க ஐந்து நிமிடம் ஆகுமா? அந்த ஐந்து நிமிடத்தை 2015-ல் நாங்கள் கொடுத்திருந்தால் கல்யாண வீட்டு அரிசி ஒரு மணி நேரம் தாமதமாகப் போயிருக்கும். அன்றைக்கு அது போகவே இல்லை. சமையல்காரர் வேறு கடையில் வாங்கிக் கொண்டார். அந்த வீட்டுக் கணக்கு இன்று வரை எங்களுக்குத் திரும்பி வரவில்லை.

ஃபில்டரும் காய்ந்திருக்கிறது, ஆயிலும் சுத்தம் என்றால் பிறகு கரண்ட் வேலை. பழைய வண்டியாக இருந்தால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்து உள்ளும் புறமும் துடைக்க வேண்டும். பிளக் வயர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து அதே இடத்தில் மாட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டு எது எங்கே என்று முழிப்பவர்கள் உண்டு. வரிசை மாறினால் வண்டி எடுக்காது, எடுத்தால் வெடிச்சத்தம் போடும். அதை வைத்து அடுத்த மெக்கானிக் இன்னொரு நோயைக் கண்டுபிடிப்பார். மூடியின் உள்ளே தலைமுடி போன்ற கறுப்புக் கோடு தெரிந்தால் மின்சாரம் அந்த வழியைப் பழக்கிக் கொண்டு விட்டது என்று பொருள். துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்ற வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று பெட்ரோல் தொட்டுத் துடைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறோம். ஆவி அடங்குமுன் செல்ஃப் அடித்துத் தீப்பிடித்தால் தண்ணீரே தேவலை என்றாகிவிடும்.

இப்போது வருகிற வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. பல வண்டிகளில் ஒவ்வொரு பிளக் தலையிலும் தனித்தனி காயில் உட்கார்ந்திருக்கிறது. பிளக் ஒரு குழிக்குள் இருக்கும். அந்தக் குழியில் தண்ணீர் தேங்கினால் மேலே எல்லாம் காய்ந்த பிறகும் வண்டி மிஸ்ஸிங் அடித்துக் கொண்டே இருக்கும். வாட்டர் வாஷ் செய்த மறுநாள் வண்டி நடுங்குகிறது என்று வருகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். காயிலைத் தூக்கிக் குழியைக் காற்றடித்துக் காயவைத்தால் தீரும். எந்தக் காயில் கெட்டது என்று சந்தேகமாக இருந்தால் நல்ல மெக்கானிக் இரண்டு காயில்களை இடம் மாற்றிப் போடுவார். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் காயில் குற்றம், பழைய இடத்திலேயே நின்றால் குற்றம் வேறு. இதைச் செய்து காட்டாமல் "மூணு காயிலும் போச்சு" என்று சொல்கிறவரிடம், கழற்றியதைக் கையில் கொடுக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. நாம் தராசு முள்ளைக் காட்டித்தானே சரக்கு நிறுத்துக் கொடுக்கிறோம்?

பழைய வண்டியில் வயரைப் பிடுங்கி பாடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பொறி பார்க்கும் பழக்கத்தைப் புது வண்டியில் காட்டக்கூடாது. காயிலும் கம்ப்யூட்டர் பெட்டியும் கெடலாம், பிடித்தவர் கையும் தாங்காது. டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், பிளக் ஏதோ ஒன்று எரியவில்லை என்று வண்டியே சொல்கிறது. அப்படியே ஓட்டினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் அங்கிருக்கும் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். அது காயிலை விடப் பல மடங்கு விலை.

இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். தண்ணீரிலிருந்து வந்த அன்று வண்டி நன்றாக ஓடும். இரண்டு நாள் கழித்துக் காலையில் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும், வெயில் ஏறினால் சரியாகி விடும். இது வயரிலோ மூடியிலோ நூல் போன்ற வெடிப்பு இருப்பதன் அறிகுறி. இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு எட்ட நின்று பார்த்தால் வெடித்த இடத்தில் நீல நிறத்தில் மினுக்குவது கண்ணுக்கே தெரியும். வெயில் நேரத்திலும் வெட்டி வெட்டி ஓடினால் கரண்டை விட்டுவிட்டு டேங்கைச் சந்தேகப்படுங்கள். டேங்குக்குள் போன தண்ணீர் பெட்ரோலை விடக் கனம் என்பதால் அடியில் தங்கும். காயில், பிளக், வயர் என்று வரிசையாக மாற்றிய பிறகு கடைசியில் டேங்கைத் திறந்தவர்கள் நம் கடைத்தெருவிலேயே இருக்கிறார்கள்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் படித்து விட்டுச் சிரிக்கலாம். டீசலுக்குப் பொறியே வேண்டாம், அதனால் கரண்ட் நனைந்து நிற்கும் தொல்லை அவர்களுக்கு இல்லை. உண்மைதான். அந்த தைரியத்தில்தான் லோடு ஆட்டோக்காரர்களும் மினி லாரிக்காரர்களும் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்குகிறார்கள். பெட்ரோல் வண்டி முதலில் கரண்ட் நனைந்து நின்று, உள்ளே இருப்பதைச் சில சமயம் காப்பாற்றி விடுகிறது. டீசல் வண்டிக்கு அப்படித் தடுத்து நிறுத்த யாரும் இல்லை. தண்ணீரை உறிஞ்சும் வரை ஓடும், உறிஞ்சியதும் உடையும். மேலும் டீசல் இன்ஜின் காற்றை நசுக்கும் அளவு மிகவும் அதிகம். எனவே பெட்ரோல் இன்ஜினை விடக் கொஞ்சம் தண்ணீரே ராடை வளைக்கப் போதும். புது டீசல் வண்டிகளில் சென்சாரும் கம்ப்யூட்டரும் வேறு வந்து விட்டன. பேட்டரி வண்டி வாங்கியிருப்பவர்கள், தண்ணீரில் முழுகியதை மெக்கானிக் பார்க்காமல் சார்ஜில் போடக்கூடாது.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நம்மில் பலர் பிரீமியத் தொகையை மட்டுமே பார்க்கிறோம். மூன்றாம் நபர் பாலிசியில் வெள்ளத்துக்கு ஒன்றும் கிடையாது. முழு பாலிசியில் வெள்ளச் சேதம் சேரும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் உடைந்தால், அது வெள்ளம் செய்ததல்ல, பின்விளைவு என்று சொல்லி இன்ஜின் செலவைத் தள்ளி விடுவார்கள். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகக் கூடுதல் தொகை கட்டிச் சேர்த்திருந்தால்தான் அது வரும். அதிலும் நிபந்தனைகள் உண்டு, படித்துப் பார்க்க வேண்டும். எங்கள் அடுத்த வண்டியை எடுத்தபோது நாங்கள் கேட்கும் வரை ஏஜெண்ட் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வண்டி தண்ணீரில் நின்றதும் தண்ணீர் மட்டம் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து, கம்பெனிக்குச் சொல்லி, இழுத்துக்கொண்டு போவதுதான் முறை. வண்டியில் இருக்கும் சரக்குக்கு வண்டி பாலிசி பொறுப்பாகாது என்பதையும் பலர் நஷ்டப்பட்ட பிறகே தெரிந்து கொள்கிறார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முழுக அடித்தது. அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல். எங்கள் சொந்த ஊர்ப் பக்கம் என்பதால் உறவினர் கடைகளிலிருந்து போன் மேல் போன். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "வண்டி எடுக்க மாட்டேங்குது, என்ன பண்ண?" "ஒண்ணும் பண்ணாதீங்க, சாவிய எடுத்து மடியில வையுங்க" என்றோம். கேட்டவர்கள் சிலர், கேட்காதவர்கள் சிலர். தண்ணீருக்குள் நிற்கிற மனிதனிடம் பொறுமையைப் பேசுவது எவ்வளவு கடினம் என்று அன்று புரிந்தது. எட்டு வருடத்துக்கு முன் அந்தத் தம்பி எங்களிடம் பேசியதும் அப்படித்தானே?

அவரை 2018-ல் தற்செயலாகக் கோயம்பேட்டில் பார்த்தோம். சொந்தமாக லோடு வண்டி வாங்கி ஓட்டிக் கொண்டிருந்தார். பிடித்த பணத்தைக் கையில் கொடுத்தோம். வாங்கிக் கொண்டார், மறுக்கவில்லை. "அன்னிக்கு நான் சாவியக் கழட்டிட்டு வந்திருக்கணும் அண்ணாச்சி. வேலை போயிருமேன்னு அடிச்சுட்டேன்" என்றார். டிரைவர் சம்பளத்தில் இன்ஜின் செலவைப் பிடிப்பது நம் தொழிலில் சாதாரணமாக நடக்கிறது. கவனக்குறைவாக ஓட்டியதற்குப் பிடிப்பது வேறு விஷயம், அதையும் விசாரித்துத்தான் செய்ய வேண்டும். முதலாளி சொல்லி ஸ்டார்ட் செய்ததற்குத் தொழிலாளியிடம் பிடிப்பது கொள்முதல் நஷ்டத்தைப் பொட்டலம் கட்டும் பையனிடம் வசூலிப்பது போலத்தான். இதில் மாற்றுக் கருத்துள்ள உறுப்பினர்கள் எழுதலாம், விவாதிக்கத் தயாராக இருக்கிறோம்.

எங்கள் கடையில் இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். தண்ணீரில் வண்டியை இறக்குவதா வேண்டாமா, நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்வதா வேண்டாமா என்ற இரண்டையும் முடிவு செய்வது டிரைவர்தான். கல்லாவில் இருப்பவர் போனில் உத்தரவு போடக்கூடாது. வண்டியில் காய்ந்த துணி இரண்டு, ஸ்பேனர், டார்ச் லைட், இழுக்கும் கயிறு, ஒரு தார்பாய் எப்போதும் இருக்கும். மழை நாளில் கல்யாண ஆர்டர்களை முந்தின நாளே இறக்கி விடுகிறோம். இதற்குத் தனிச் செலவு ஒன்றும் இல்லை.

சங்கத்திடம் ஒரு கோரிக்கை வைக்கிறோம். செப்டம்பர் மாதக் கூட்டத்துக்கு நம் பகுதி மெக்கானிக்குகள் இரண்டு பேரை அழைத்து, டிரைவர்களையும் உட்கார வைத்து, ஒரு பழைய வண்டியையும் ஒரு புது வண்டியையும் திறந்து காட்டச் சொல்லலாம். ஏர் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று முதலாளிகளும் அன்றைக்குப் பார்த்துக் கொள்ளலாம். வண்டி எங்கள் கடை வாசலிலிருந்தே தருகிறோம், டீச் செலவும் எங்களுடையது.